சுடுமல்லி விதையை எழுப்பாத சோளம்

சோளக்காட்டில் ஈரம் இருந்தும் பயிர் வாடுகிறதா? தூரடியில் சுடுமல்லி இருக்கிறதா என்று பாருங்கள். அது தலைகாட்டுவதற்கு முன்பே சோள வேரில் ஒட்டி, நீரையும் சத்தையும் உறிஞ்சத் தொடங்கியிருக்கும்.

எத்தியோப்பியாவில் பிறந்த சோள விஞ்ஞானி கெபிசா எஜெட்டா, அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தில் இந்த ஒட்டுண்ணிக் களையைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். தூசு போன்ற இதன் விதை 10 ஆண்டுக்கு மேலும் மண்ணில் உறங்கும். சோள வேரில் கசியும் ஒரு வேதிப்பொருள் பட்டால்தான் முளைக்கும். அந்தக் கசிவு மிகக் குறைந்த சோளங்களைத் தேடிப்பிடித்து, உயிர்வேதியியலாளர் லாரி பட்லருடன் சேர்ந்து எதிர்ப்புத்திறன் உள்ள ரகங்களை உருவாக்கினார். 1994-ல் 8 டன் விதை 12 ஆப்பிரிக்க நாடுகளுக்குப் போனது. 2009-ல் உலக உணவுப் பரிசு வந்தது. பரிசைவிட அந்த விதை மூட்டைகள்தான் எனக்குப் பெரிதாகத் தெரிகின்றன.

பருத்தி வேரின் கசிவும் சுடுமல்லி விதையை முளைக்கவைக்கும். ஆனால் பருத்தியில் அதனால் ஒட்டிப் பிழைக்க முடியாது. சில நாளில் பட்டினியில் சாகும். ஆகவே சுடுமல்லி மண்டிய காட்டில் அடுத்த போகத்துக்குப் பருத்தி போடுங்கள். ஒரே போகத்தில் தீராது. தழைச்சத்து குறைந்த மண்ணில் இது கொட்டமடிக்கும், தொழுவுரத்தைக் குறைக்காதீர்கள். பூக்கும் முன்பே பிடுங்குங்கள். பூத்துவிட்டால் வரப்பில் போடாமல் எரித்துவிடுங்கள்.