பதில் மடலின் முன்னொட்டு

சங்கத்திலிருந்து ஒரு காரியாலயத்திற்குக் கடிதம் எழுதுங்கால், மேலே 'பொருள்' என்று ஒரு வரியும், அதனடியில் 'பார்வை' என்று ஒரு வரியும் எழுதுகிறோம். கடிதம் எதைப் பற்றியது என்று பொருள் கூறும். எந்த எண்ணும் தேதியும் கொண்ட கடிதத்திற்கு இது பதில் என்று பார்வை காட்டும். பார்வை விடுபட்டால் கடிதம் உரிய கோப்பில் சேராமல் அலையும் என்பது அங்கத்தினர்கள் அறிந்ததே. மின்னஞ்சலிலும் இவ்விரண்டும் உண்டு. ஆயினும் நம் கண்ணுக்குத் தெரிவது பொருள் வரி ஒன்றே.

மின்னஞ்சலுக்குப் பதில் எழுதும்போது, பழைய பொருள் வரியின் முன்னே 'ரீ' என்னும் ஒட்டும் ஒரு முக்காற்புள்ளியும் தாமே வந்து நிற்கும். 'ரிப்ளை' என்னும் ஆங்கிலச் சொல்லின் சுருக்கம் இது என்று பலர் எண்ணுவர். உண்மையில் இது லத்தீன் மொழியின் 'இன் ரே' என்னும் தொடரிலிருந்து வந்தது. 'இவ்விஷயத்தில்' என்பது அதன் பொருள். 2008ஆம் ஆண்டில் வெளியான 5322ஆம் எண் மின்னஞ்சல் விதியே இவ்விளக்கத்தைத் தருகிறது. இவ்வொட்டை இடுவது கட்டாயமன்று என்றும், இட்டால் ஒரே முறை இடவேண்டும் என்றும், வேறு ஒட்டை இட்டால் வேண்டாத விளைவுகள் நேரக்கூடும் என்றும் அவ்விதி கூறுகிறது.

ஆனால் மின்னஞ்சல் நிரல்களை அவரவர் மொழியில் அமைத்தவர்கள் இவ்வொட்டையும் மொழிபெயர்த்துவிட்டனர். ஜெர்மன் மொழியில் பதிலுக்கு 'ஆன்ட்வோர்ட்' என்று பெயர். ஆதலால் அங்கே 'ஏ.டபிள்யூ.' என்று வரும். ஸ்வீடனில் 'ஸ்வார்' என்பதன் சுருக்கமாக 'எஸ்.வி.' என்று வரும். போலந்தில் 'ஓ.டி.பி.' என்று வரும். விந்தை இன்னும் ஒன்று உண்டு: பின்லாந்தின் மொழியில் 'வி.எஸ்.' என்றால் பதில். டென்மார்க்கிலும் நார்வேயிலும் அதே 'வி.எஸ்.' என்றால் பிறருக்கு அனுப்பிவைத்த மடல்.

இதனால் நேரும் தொல்லையைக் காண்போம். பல நிரல்கள் தம் ஒட்டை மட்டுமே அறியும். 'நூல் விலை' என்று நாம் எழுதிய மடலுக்கு ஜெர்மானியர் 'ஏ.டபிள்யூ: நூல் விலை' என்று பதில் விடுப்பார். நம் நிரலுக்கு அவ்வொட்டு புரியாது. அது தன் 'ரீ'யையும் முன்னே சேர்க்கும். அவர் நிரல் மீண்டும் தன்னுடையதைச் சேர்க்கும். நாலைந்து மடல்களுக்குள் பொருள் வரியில் ஒட்டுக்களே மிஞ்சி, விஷயம் கண்ணுக்கு மறைந்துவிடும்.

இதைவிடப் பெரிய தீங்கும் உண்டு. ஒரே விஷயத்து மடல்களை ஒரே கட்டாகச் சேர்க்கும் முறை ஒன்றை 5256ஆம் எண் விதி 2008இல் வகுத்தது. பொருள் வரியை ஒப்பிடுமுன் அது நீக்கும் ஒட்டுக்கள் ஆங்கில வழக்கில் உள்ளவையே, 'ஏ.டபிள்யூ.' அவற்றுள் இல்லை. எனவே பொருள் வரியை மட்டும் நம்பும் நிரலில் ஒரு விஷயம் இரு கட்டுகளாகப் பிரிந்துவிடும். முதல் கட்டில் பழைய விலையும், இரண்டாம் கட்டில் திருத்திய விலையும் இருந்தால், ஒன்றை மட்டும் படித்த குமாஸ்தா பழைய விலைக்கே பில் போடுவார். நஷ்டம் சங்கத்தின் தலையில் விழும்.

இதற்குக் காப்பு மறைவிலுள்ள பார்வையே. ஒவ்வொரு மடலுக்கும் தனி எண் ஒன்று உண்டு. நாம் 'பதில்' பொத்தானை அழுத்தினால், மூல மடலின் எண் நம் மடலின் தலைப்பில் தானே பதியும். இவ்வெண்ணைப் பார்க்கும் நிரல், ஒட்டு எம்மொழியில் இருந்தாலும் மடல்களைச் சரியாகச் சேர்த்துவிடும்.

ஆகவே அங்கத்தினர்களும் காரியதரிசிகளும் கவனிக்க வேண்டியவை மூன்று. பதிலைப் புதிய மடலாக எழுதாமல் 'பதில்' பொத்தானைக் கொண்டே எழுதுக. புதிய விஷயத்தைப் பழைய மடலின் பதிலாக எழுதாதீர். ஒட்டுக்கள் பெருகினால் ஒரு 'ரீ'யை மட்டும் நிறுத்தி, மற்றவற்றைக் கையால் அழித்துவிடுக. ஒட்டு மனிதர் கண்ணுக்காக ஏற்பட்டது; கடிதங்களைப் பிணைப்பது எண்ணே.