சப்பானிய மின்னகராதி: தேர்வு செய்யும் நெறி

பிறமொழி கற்பார்க்கு அகராதியே உற்ற துணை. மூசே, துப்புயீ எனும் பாதிரியார் இருவர் தொகுத்த தமிழ்–பிரெஞ்சு அகராதி 1855, 1862 ஆகிய ஆண்டுகளில் இரு பகுதிகளாக நம் புதுச்சேரியிலேயே அச்சேறியது. எழுத்து வரிசை அறிந்தார் அதில் எளிதில் சொல் தேடலாம்.

இன்று நோணாங்குப்பத்து மாணவர் ஒருவர் சப்பானியம் கற்க விழையின், இவ்வழி பாதியளவே பயன்படும். அம்மொழியின் ஒலியெழுத்துகள் அ, இ, உ, எ, ஒ எனவும், க, ச, த, ந எனவும் நம் நெடுங்கணக்கை ஒத்தே நிற்கின்றன. இந்திய ஒலியியல் மரபு பௌத்தத்தோடு அங்குச் சென்றதன் பயன் இது. ஆயின், 'கன்ஜி' எனும் சீன வழி எழுத்துகள் ஒலியை நேரே காட்டா. 2010இல் அந்நாட்டரசு வெளியிட்ட பொதுவழக்குப் பட்டியலில் மட்டும் அவை 2,136. ஞாயிற்றைக் குறிக்கும் எழுத்து தனித்து நிற்கையில் 'ஹி'. நாள்தோறும் எனப் பொருள்படும் 'மைனிச்சி'யிலோ 'நிச்சி'. ஒலி அறியாச் சொல்லை எங்ஙனம் தேடுவது?

எனவே மூன்றினை நோக்குதல் வேண்டும்: எழுத்தைத் திரையில் வரைந்து தேடும் வசதி, கன்ஜியின் அருகே ஒலிப்புக் குறிப்பு, எடுத்துக்காட்டுத் தொடர்கள். சப்பானில் விற்கப்பெறும் கையடக்கக் கருவிகளிற் பெரும்பாலன அந்நாட்டார்க்கென அமைந்தவை. அவற்றின் விளக்கமும் கன்ஜியிலேயே இருப்பதால் தொடக்கநிலை மாணவர் இடர்ப்படுவர். ஜிம் பிரீன் ஆஸ்திரேலியாவில் 1991இல் தொடங்கிய சப்பானிய–ஆங்கிலச் சொற்றொகுதியை அடிப்படையாகக் கொண்ட கைப்பேசி அகராதிகள் பல விலையின்றியே கிடைக்கின்றன. முதற்கண் அவற்றிற் பழகுக. போதாமை உணர்ந்த பின்னரே பெற்றோர் ஈட்டிய பொருளைச் செலவிடுக என்பதே நம் பரிந்துரை.