ஆய்வேடு முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்

பல்கலைக்கழக வளாகத்தில் எந்த ஆய்வாளரிடமும் 'அடுத்து என்ன?' என்று கேட்டுப் பாருங்கள். 'முதல்ல தீசிஸ் முடியட்டும் சார், அப்புறம் பார்க்கலாம்' என்பதே பெரும்பாலும் பதிலாக இருக்கும். கைடும் அதையே சொல்கிறார், வீட்டாரும் அதையே நம்புகிறார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் முனைவர் பட்டத்துக்காக உழைக்கும் நம் பிள்ளைகளுக்கு இந்த ஒரு வாக்கியத்தைப்போல நஷ்டம் தந்தது வேறெதுவும் இல்லை என்றே நான் கருதுகிறேன்.

இந்தியாவில் பிஎச்.டி. படிப்போரின் எண்ணிக்கை 2014-15-ல் 1.17 லட்சமாக இருந்தது. 2021-22-ல் அது 2.12 லட்சம். மத்திய அரசின் உயர்கல்விக் கணக்கெடுப்பு தரும் எண்ணிக்கை இது. அந்தக் கணக்கில் தமிழ்நாடு தொடர்ந்து முன்வரிசையில் இருக்கிறது. கல்லூரிப் படியையே மிதித்திராத பெற்றோரின் பிள்ளைகள் இன்று ஆய்வகங்களிலும் நூலகங்களிலும் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதில் நமக்குப் பெருமை இருக்கிறது. கவலை வேறிடத்தில். இவர்களில் மிகப் பலர் மனத்தில் வைத்திருக்கும் வேலை ஒன்றே ஒன்றுதான்: அரசுக் கல்லூரியில் உதவிப் பேராசிரியர்.

அந்த வேலைக்கு வெளியே காத்திருப்பவர்களின் நிலையைப் பார்ப்போம். 2023 ஜனவரி முதல் இளநிலை ஆய்வாளருக்கான ஜே.ஆர்.எஃப். உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய்; இரண்டு ஆண்டுகள் கழித்து முதுநிலை ஆய்வாளர் (எஸ்.ஆர்.எஃப்.) ஆனால் 42,000 ரூபாய், வீட்டு வாடகைப்படி தனி. இப்படி உதவித்தொகை பெற்றுப் படித்த ஒருவர் பட்டம் வாங்கிக்கொண்டு தமிழக அரசுக் கலைக் கல்லூரி ஒன்றில் கௌரவ விரிவுரையாளராகச் சேர்ந்தால் மாதம் 25,000 ரூபாய் கிடைக்கும், அதுவும் ஆண்டுக்கு 11 மாதம்தான். மாணவராக இருந்தபோது வாங்கியதைவிட முனைவர் ஆனபிறகு வாங்குவது குறைவு. இத்தகைய பணிக்கு மாதம் 50,000 ரூபாய் வரை தரலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) 2019-லேயே வழிகாட்டியிருக்கிறது. எந்த உதவித்தொகையும் இல்லாமல், மாலையில் டியூஷன் எடுத்து, அண்ணன் அனுப்பும் பணத்தில் ஆய்வை முடிப்பவர்களும் பலர். அவர்களுக்கு 'அப்புறம் பார்க்கலாம்' என்பது கட்டுப்படியாகாத ஆடம்பரம்.

விதிகளும் நமக்காக நிற்பதில்லை. 2018-ல் ஒருவர் பிஎச்.டி. பதிவு செய்தார் என்று வைத்துக்கொள்வோம். பல்கலைக்கழகங்களில் உதவிப் பேராசிரியராக இனி பிஎச்.டி. கட்டாயம், 2021 ஜூலை முதல் அது நடைமுறைக்கு வரும் என்று அறிவிக்கப்பட்டது அதே ஆண்டில்தான். அதை நம்பித்தான் பலர் சேர்ந்தார்கள். 2021-ல் அந்த விதி இரண்டு ஆண்டுகளுக்குத் தள்ளிவைக்கப்பட்டது. 2023 ஜூலையில் விதியே மாறிப்போனது: நெட் (தேசியத் தகுதித் தேர்வு), செட் (மாநிலத் தகுதித் தேர்வு) தேர்ச்சிதான் குறைந்தபட்சத் தகுதி, பிஎச்.டி. கட்டாயமில்லை. இடையில் 2022 நவம்பரில் வந்த புதிய ஒழுங்குமுறை, ஆய்வேட்டைச் சமர்ப்பிக்குமுன் ஆய்விதழில் கட்டுரை வெளியிட்டிருக்க வேண்டும் என்ற கட்டாயத்தை நீக்கியது. எந்த ஆய்விதழ் தரமானது என்று பார்த்துக்கொள்ள உதவிய யு.ஜி.சி. கேர் பட்டியல் 2025-ல் கைவிடப்பட்டது. தமிழ்நாட்டில் ஆசிரியர் தேர்வு வாரியம் 2019-ல் வெளியிட்ட அறிவிப்பில் கற்பித்தல் அனுபவம், கல்வித் தகுதி, நேர்காணல் ஆகியவற்றுக்கு மதிப்பெண் போட்டு ஆளெடுப்பதாகச் சொன்னது. 2024 மார்ச்சில் 4,000 இடங்களுக்கு அறிவிப்பு வந்தபோது எழுத்துத் தேர்வே முதன்மையாகிவிட்டது. அந்தத் தேர்வும் குறித்த ஆகஸ்டில் நடக்காமல் தள்ளிப்போனது.

ஒரே ஒருவரின் ஆய்வுக்காலத்துக்குள் இத்தனை மாற்றங்கள். அனுபவத்துக்கு மதிப்பெண் உண்டு என்று தனியார் கல்லூரியில் குறைந்த சம்பளத்துக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தவர், திடீரென்று எழுத்துத் தேர்வுக்குப் படிக்க உட்கார வேண்டியதாயிற்று. இதில் அவர் குற்றம் என்ன இருக்கிறது? ஒன்றுமில்லை. ஆனால் ஒரே வாசலை நம்பி நின்றவருக்கு அடி பலமாக விழுந்தது. நெட்டை முன்பே முடித்து வைத்திருந்தவர் தப்பித்தார்.

வயது வரம்புதான் அடுத்த சிக்கல். நெட் தேர்வில் உதவிப் பேராசிரியர் தகுதிக்கு வயது வரம்பு கிடையாது, ஜே.ஆர்.எஃப்.புக்குப் பொதுப் பிரிவினருக்கு 30 வயது, பெண்களுக்கும் இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கும் ஐந்தாண்டுத் தளர்வு. மத்திய அரசு வழங்கும் தேசிய முதுமுனைவர் உதவித்தொகைக்கு 35 வயது, அதிலும் தளர்வு உண்டு. எம்.எஸ்சி. முடித்து இரண்டு ஆண்டு வேலை பார்த்து, 26 வயதில் பதிவு செய்து, ஆறு ஆண்டு ஆய்வு செய்து, வைவாவுக்காக மேலும் ஓராண்டு காத்திருந்தால் 33. இந்தக் கணக்கை முதலாண்டிலேயே ஒரு தாளில் போட்டுப் பார்த்தவர்களை நான் அதிகம் கண்டதில்லை. கைடு போட்டுக் காட்டுவதும் அரிது.

பெண்களுக்கு இந்தக் கணக்கு இன்னும் கடுமையானது. கல்யாணம், பிரசவம், மாமியார் வீட்டு ஊர் என்று எல்லாம் அந்த ஆறு ஆண்டுக்குள்தான் வந்து சேரும். 2022 ஒழுங்குமுறையில் பெண் ஆய்வாளர்களுக்கு மகப்பேறு, குழந்தைப் பராமரிப்பு விடுப்பாக 240 நாள் வரை உண்டு. உச்சக் காலவரம்பிலும் கூடுதலாக இரண்டு ஆண்டு உண்டு. இது சலுகை அல்ல, உரிமை. துறை அலுவலகத்தில் கேட்கத் தயங்கி, பதிவையே ரத்து செய்துவிட்டுப் போன பெண்கள் இருக்கிறார்கள் என்பது எனக்கு ஆறாத வருத்தம். எழுதிக் கேளுங்கள், எழுத்தில் பதில் வாங்குங்கள்.

சரி, திட்டமிடுவது என்றால் என்ன? பிரிட்டனில் 2002-ல் சர் கேரத் ராபர்ட்ஸ் தலைமையில் வந்த அறிக்கை, ஒவ்வொரு முனைவர் பட்ட மாணவருக்கும் ஆண்டுக்குக் குறைந்தது இரண்டு வாரம் ஆய்வுக்கு வெளியிலும் பயன்படும் திறன்களில் பயிற்சி தர வேண்டும் என்று பரிந்துரைத்தது. அரசு அதற்குப் பணமும் ஒதுக்கியது. அமெரிக்காவில் ஆய்வாளர் ஒவ்வொருவரும் ஆண்டுதோறும் தன் முன்னேற்றத் திட்டத்தை எழுதி, நெறியாளரோடு உட்கார்ந்து பேசுவது பல பல்கலைக்கழகங்களில் வழக்கமாகிவிட்டது. என்ன தெரியும், என்ன தெரியாது, எந்த மாதிரி வேலை பிடிக்கும், அதற்கு இந்த ஆண்டு என்ன செய்யப்போகிறேன் என்ற நாலு கேள்விகள்தான் அதன் சாரம். இதைச் செய்ய நமக்கு எந்த நிதியும் தேவையில்லை.

இதைப் பேச இடமும் ஏற்கெனவே இருக்கிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை டி.சி. (டாக்டரல் கமிட்டி) மீட்டிங் நடக்கிறதல்லவா? இருபது ஸ்லைடு போட்டு, மூன்று கையெழுத்து வாங்கி, டீயும் பிஸ்கட்டும் சாப்பிட்டுக் கலைகிற கூட்டம். அங்கே வரும் வெளிப் பேராசிரியர் பெரும்பாலும் நல்ல மனிதர், உங்களைவிட இருபது ஆண்டு உலகம் பார்த்தவர். ஆய்வைப் பற்றிப் பேசி முடித்ததும் அவரிடம் கேளுங்கள்: 'ஐயா, இந்தத் துறையில் படித்த உங்கள் மாணவர்கள் இப்போது எங்கெங்கே இருக்கிறார்கள்?' இந்த ஒரு கேள்விக்குக் கிடைக்கும் பதில், இணையத்தில் பத்து மாதம் தேடினாலும் கிடைக்காது. ஊர், நிறுவனம், போன வழி எல்லாம் வரும். சில சமயம் ஒரு தொலைபேசி எண்ணும் வரும்.

பாடம் நடத்துவதைத் தள்ளிப்போடாதீர்கள். ஆய்வாளர்களுக்கு வாரம் நான்கு முதல் ஆறு மணி நேரம் வகுப்பு, ஆய்வகப் பயிற்சி, விடைத்தாள் மதிப்பீடு ஆகியவற்றில் பணி தரலாம் என்று அந்த 2022 ஒழுங்குமுறையே சொல்கிறது. கற்பிக்கும் முறையிலும் எழுத்திலும் பயிற்சி பெற வேண்டும் என்றும் சொல்கிறது. நடைமுறையில் இது இரண்டு விதமாகக் கெடுகிறது. சில துறைகளில் ஆய்வாளருக்கு வகுப்பே தருவதில்லை. சில துறைகளில் கைடின் வகுப்பு முழுவதையும் தலையில் கட்டிவிடுகிறார்கள். இன்னும் சில இடங்களில் வகுப்பும் இல்லாமல், வங்கிக்குப் போவது, பிள்ளையைப் பள்ளியிலிருந்து அழைத்து வருவது என்று காலம் போகிறது. கடைசியாகச் சொன்னது அறமற்ற செயல். ஆய்வாளரின் நேரம் அவருடைய மூலதனம். அதைச் சொந்த வேலைக்கு எடுத்துக்கொள்ளும் பேராசிரியர் தன் மாணவரின் எதிர்காலத்திலிருந்து எடுக்கிறார்.

எழுத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். தன் ஆய்வு எதைப் பற்றியது என்று துறைக்கு வெளியே இருக்கும் ஒருவருக்கு மூன்று நிமிடத்தில் புரியவைக்கத் தெரிந்தவர்கள் நம்மிடம் மிகக் குறைவு. ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகம் 2008-ல் இதையே ஒரு போட்டியாகத் தொடங்கியது. 'மூன்று நிமிட ஆய்வேடு' என்ற அந்தப் போட்டி இன்று உலகம் முழுக்க நடக்கிறது. இந்தியாவில் அறிவியல் தொழில்நுட்பத் துறை 2018-ல் தொடங்கிய 'அவ்சார்' போட்டி, ஆய்வாளர்கள் தம் ஆய்வைப் பொதுமக்களுக்குப் புரியும்படி எழுத அழைத்தது. முதல் பரிசு ஒரு லட்சம் ரூபாய். பரிசை விடுங்கள். நேர்காணலில் குழு உறுப்பினர் 'உங்கள் ஆய்வைச் சுருக்கமாகச் சொல்லுங்கள்' என்று கேட்கும்போது தடுமாறுகிறவர் வேலையை அங்கேயே இழக்கிறார். தமிழில் உங்கள் அம்மாவுக்கும், ஆங்கிலத்தில் வேறு துறை நண்பருக்கும் சொல்லிப் பழகுங்கள்.

கட்டுரை வெளியிடுவதில் ஓர் எச்சரிக்கை. 'பத்தே நாளில் ஸ்கோபஸ்' என்று வாட்ஸ்அப்பில் வரும் விளம்பரங்களுக்குப் பணம் கட்டாதீர்கள். பணம் போனால் சம்பாதிக்கலாம். போலி இதழில் வந்த கட்டுரை உங்கள் பெயரோடு என்றைக்கும் ஒட்டிக்கொண்டிருக்கும்.

பேராசிரியர் வேலைக்கு வெளியே இருக்கும் உலகம் நாம் நினைப்பதைவிடப் பெரியது. சென்னை கிண்டியில் காப்புரிமை அலுவலகம் இருக்கிறது. அறிவியல் அல்லது பொறியியல் பட்டம் பெற்ற, 21 வயது நிறைந்த எவரும் காப்புரிமை முகவர் தேர்வை எழுதலாம். முந்தைய ஆய்வுகளைத் தேடிப் படித்து, எது புதிது எது பழையது என்று பிரித்துச் சொல்வதுதான் அந்தத் தொழிலின் உயிர்நாடி. இலக்கிய மீளாய்வு என்ற பெயரில் ஓர் ஆய்வாளர் ஆண்டுக்கணக்கில் செய்வதும் அதேதான். உலகின் பெரிய பதிப்பகங்களின் ஆய்விதழ்களுக்கான பதிப்புப் பணி பெருமளவு சென்னையிலும் புதுச்சேரியிலும் நடக்கிறது. ஹைதராபாத், பெங்களூரு மருந்து நிறுவனங்கள் வேதியியல், உயிரியல் ஆய்வாளர்களை எடுக்கின்றன. ஐ.ஐ.டி. மெட்ராஸ் ஆய்வுப் பூங்காவில் இருக்கும் நிறுவனங்களில் எத்தனை பேர் பிஎச்.டி. முடித்தவர்கள் என்று ஒருமுறை நேரில் போய்க் கேட்டுப் பாருங்கள்.

தமிழ், வரலாறு, சமூகவியல் படிப்பவர்கள் 'எங்களுக்கு என்ன இருக்கிறது?' என்று கேட்பது எனக்குத் தெரியும். அவர்களுக்குக் குறைவுதான், மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் கீழடிக்குப் பிறகு தொல்லியல் மீதும் அருங்காட்சியகங்கள் மீதும் இந்த மாநிலத்தில் வந்திருக்கும் அக்கறை முன்பு இருந்ததில்லை. தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும் உலகத் தமிழாராய்ச்சி நிறுவனமும் இருக்கின்றன. புதுச்சேரியில் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் இருக்கிறது. தமிழ் இணையக் கல்விக்கழகம் பழைய நூல்களை மின்னாக்கம் செய்கிறது. ஓலைச்சுவடி வாசிக்கவும், மின்னாக்கம் செய்யவும், நூல்விவர அட்டவணை தயாரிக்கவும் தெரிந்த தமிழ் ஆய்வாளருக்கும், இவை எதுவும் தெரியாத தமிழ் ஆய்வாளருக்கும் நிறைய வேறுபாடு உண்டு. இந்தத் திறன்கள் ஆய்வுக்காலத்திலேயே, கோடை விடுமுறையில் சில வாரம் அங்கே போய் இருந்து கற்றுக்கொள்ளக் கூடியவை.

தனியார் கல்லூரியில் முழுநேரம் பாடம் நடத்திக்கொண்டே பகுதிநேரமாக ஆய்வு செய்பவர்களிடம் 'நேரத்தைத் திட்டமிடுங்கள்' என்று சொல்வது கொடுமை. அவர்களுக்கு நேரமே தரப்படுவதில்லை. தர மதிப்பீட்டுக்கு முனைவர் எண்ணிக்கையைக் காட்டும் நிர்வாகங்கள், வாரத்தில் ஒரு நாளாவது அவர்களை ஆய்வுக்கு விட வேண்டும்.

பெரிய பொறுப்பு பல்கலைக்கழகங்களுடையது. இளங்கலை, முதுகலை மாணவர்களுக்கு வேலைவாய்ப்புப் பிரிவு உண்டு. நிறுவனங்கள் வளாகத்துக்கு வரும்போது ஆய்வாளர்கள் ஆய்வகத்தில் இருப்பார்கள், யாரும் அவர்களைக் கூப்பிடுவதில்லை. ஒரு துறையில் கடந்த பத்தாண்டில் பட்டம் பெற்ற முனைவர்கள் இப்போது என்ன செய்கிறார்கள் என்ற பட்டியல் அந்தத் துறையின் இணையப் பக்கத்தில் இருக்க வேண்டும். ஆய்வேடுகளை 'ஷோத்கங்கா' இணையக் களஞ்சியத்தில் ஏற்றிவைக்கிறோம். எழுதியவர் எங்கே போனார் என்பதையும் நாம் தெரிந்துவைத்திருக்க வேண்டாமா? புதிதாகச் சேர வரும் மாணவருக்கு அந்தப் பட்டியலைக் காட்டினாலே போதும், கண்ணைத் திறந்துகொண்டு முடிவெடுப்பார்.

நெறியாளர்களே, உங்கள் அடுத்த டி.சி. மீட்டிங்கில் பத்து நிமிடத்தை இதற்கு ஒதுக்குங்கள். முதலாண்டு மாணவரிடமும் கேளுங்கள். ஆய்வாளர்களே, அவர்கள் கேட்காவிட்டால் நீங்களே தொடங்குங்கள். உங்கள் வயது, நெட் தேர்வு, உதவித்தொகை முடியும் மாதம், சமர்ப்பிக்க வேண்டிய கடைசித் தேதி ஆகிய நான்கையும் இந்த வாரமே ஒரு தாளில் எழுதிக் கைடின் மேசையில் வையுங்கள்.