அப்பா இல்லாத இறால்

பழையாறு நாஞ்சில் நாட்டு வயல்களுக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு மணக்குடியில் கடலோடு சேர்கிறது. அங்குள்ள காயலை ஒட்டிய பக்கத்தில்தான் புத்தளம், சாமித்தோப்பு, தாமரைக்குளம் உப்பளங்கள். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு உண்டு. அளத்தில் அந்த நீரைப் பாத்தி மாற்றிப் பாத்தி மாற்றிக் காய விடுவார்கள். 100 கிராம், 150, 200 என்று உப்பு ஏறிக்கொண்டே போகும். நீரின் அடர்த்தியை அளக்கும் அளவுமானி 25 டிகிரி காட்டும்போது உப்பு படியத் தொடங்கும். அதற்கு முந்தைய பாத்திகளில் மீனும் இல்லை, தவளையும் இல்லை. அவ்வளவு உப்பை அவற்றால் தாங்க முடியாது.

ஆனால் அந்தத் தண்ணீரை ஒரு கண்ணாடிக் குவளையில் அள்ளி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். சுமார் ஒரு சென்டிமீட்டர் நீளத்தில், மல்லாந்து நீந்திக்கொண்டு, 11 ஜோடிக் கால்களை இடைவிடாமல் அசைக்கும் சின்ன உயிர்கள் தெரியும். அவைதான் உப்புநீர் இறால். இறால் பண்ணைக்காரர்கள் ஆர்ட்டீமியா என்பார்கள்.

இது எப்படிப் பிழைக்கிறது? சுற்றியுள்ள உப்புநீரைத்தான் குடிக்கிறது. குடல் வழியாக நீரும் உப்பும் உடலுக்குள் போகின்றன. வேண்டாத உப்பைக் கால்களிலுள்ள செவுள்கள் வெளியே தள்ளிவிடுகின்றன. அப்போதுதான் பிறந்த குஞ்சுக்கு அந்தக் கால்கள் கிடையாது. அதற்குப் பிடரியில் ஒரு தனி உறுப்பு இருக்கிறது. கால் முளைக்கும்வரை உப்பை வெளியேற்றும் வேலை அதனுடையது. இதற்கெல்லாம் நிறைய ஆற்றல் வேண்டும். அதைத் தருவது பாத்தியில் மிதக்கும் நுண்பாசி. அந்தப் பாசிக்குப் போட்டியாக வருபவர்கள் அங்கே மிகக் குறைவு.

இனி எனக்கு மிகவும் பிடித்த பகுதிக்கு வருகிறேன். நம் நாட்டு உப்பளங்களில் நெடுங்காலமாக வாழ்ந்து வரும் ஆர்ட்டீமியாவில் ஏறக்குறைய எல்லாமே பெண்கள்! பொதுவாக முட்டை உருவாகும்போது அதன் குரோமோசோம்கள் பாதியாகக் குறையும். மீதிப் பாதி அப்பாவிடமிருந்து வரவேண்டும். இந்த இறாலின் முட்டையிலோ அம்மாவின் குரோமோசோம்களே முழு அளவில் இருக்கும். அது அப்படியே வளர்ந்து மகளாகிவிடும். இதற்குக் கன்னி இனப்பெருக்கம் என்று பெயர். நம் வீட்டுப் பூந்தொட்டிக்கு அடியில், மண்புழுவைப்போல் நெளியும் புழுப்பாம்பும் இப்படித்தான் பெருகுகிறது.

இதனால் என்ன லாபம்? ஒரு கணக்குப் போடுவோம். ஒவ்வொரு தாய்க்கும் பத்துக் குஞ்சுகள் பிழைக்கின்றன என்று வையுங்கள். ஆணும் பெண்ணும் உள்ள இனத்தில் அந்தப் பத்தில் ஐந்துதான் பெண். மூன்று தலைமுறையில் ஒரு தாயிலிருந்து 125 தாய்கள் வருவார்கள். பெண்கள் மட்டுமே உள்ள இனத்தில் 1000 தாய்கள்! இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு பறவையின் காலில் ஒட்டிக்கொண்டு ஒரே ஒரு முட்டை புதிய உப்பளத்துக்குப் போய்ச் சேர்ந்தாலும் போதும். அங்கே துணை தேட வேண்டியதில்லை, ஒரு கூட்டமே உண்டாகிவிடும்.

நட்டமும் உண்டு. அம்மாவின் மரபணுக்களோடு அப்பாவின் மரபணுக்கள் கலப்பதில்லை. அதனால் மகள்கள் ஏறக்குறைய அம்மாவைப் போலவே இருப்பார்கள். ஒருத்தியை வீழ்த்தும் நோய் எல்லோரையும் வீழ்த்தலாம். ஆனால் கொடிய உப்பில் எதிரிகளும் நோய்களும் குறைவு என்பதால், அந்த நட்டம் அங்கே பெரிதாக உறைக்காது. கடுமையான இடங்களிலும் அடிக்கடி காய்ந்து மறையும் நீர்நிலைகளிலும் அப்பா இல்லாத உயிர்கள் கூடுதலாகக் காணப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம் என்று அறிவியலாளர்கள் கருதுகிறார்கள்.

பாத்தி முழுக்கக் காய்ந்துபோனால் என்ன ஆகும்? அதற்கும் அம்மா முன்பே ஏற்பாடு செய்திருப்பாள். நிலைமை நன்றாக இருக்கும்போது அவள் உயிருள்ள குஞ்சுகளை ஈனுகிறாள். உப்பு ஏறி, ஆக்சிஜன் குறைந்தால், கெட்டியான ஓடு போட்ட முட்டைகளை விடுகிறாள். ஒவ்வொன்றும் கால் மில்லிமீட்டர்தான் இருக்கும். அதற்குள் சுமார் 4000 செல்கள் கொண்ட கரு, பத்தாயத்தில் போட்ட விதைநெல்லாக உறங்கும். நீரெல்லாம் போனபிறகும் டிரெஹலோஸ் என்ற சர்க்கரை அதன் செல்கள் சிதையாமல் காக்கிறது. பல ஆண்டுகள் கழித்தும் பொரிக்கும். விண்வெளிக் கதிர்கள் உயிர்களை என்ன செய்கின்றன என்று அறிய, 1972-ல் அப்பல்லோ 16, 17 கலங்களில் இந்த முட்டைகளை நிலவுவரை கொண்டுபோய் வந்தார்கள். நம் நாஞ்சில் நாட்டிலோ அவற்றை எழுப்ப மழை போதும். தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் இங்கே பெய்கிறது. மழையில் உப்பு குறைந்ததும் முட்டைகள் நீரை உறிஞ்சி, ஓட்டை உடைத்து, ஓரிரு நாளில் ஒற்றைக் கண் குஞ்சுகளாக வெளியே வரும்.

ஆனால் இந்த இறாலுக்கு இப்போது ஒரு சோதனை வந்திருக்கிறது. பண்ணை இறால் குஞ்சுகளுக்குத் தீவனமாக, ஆர்ட்டீமியா ஃபிரான்சிஸ்கானா என்ற அமெரிக்க இனத்தின் முட்டைகளை டின் டின்னாக இறக்குமதி செய்தார்கள். அது நம் உப்பளங்களுக்குள்ளும் புகுந்துவிட்டது. இந்திய உப்பளங்கள் பலவற்றில் அது பரவி, உள்ளூர் இனத்தின் இடத்தைப் பிடித்துவிட்டதை ஆய்வாளர்கள் 2012-ல் எழுதினார்கள். அது ஆண், பெண் இரண்டும் உள்ள இனம். நாம் போட்ட கணக்குப்படி பெண்கள் மட்டுமே உள்ள இனம்தானே வென்றிருக்க வேண்டும்? அந்தக் கணக்கில் ஒவ்வொரு தாய்க்கும் பத்துக் குஞ்சு என்று சமமாக வைத்தோம் அல்லவா, அங்கேதான் விஷயம் இருக்கிறது. வந்த இனம் வேகமாக வளர்கிறது, அதிகக் குஞ்சுகளை ஈனுகிறது. ஆய்வகத்தில் இரண்டையும் ஒரே தொட்டியில் விட்டபோதும் பெரும்பாலும் அமெரிக்க இனமே மிஞ்சியது. உப்பையும் வெயிலையும் தனிமையையும் வென்ற நம் இறாலுக்கு, அதே உப்பைத் தாங்கும் போட்டியாளரைச் சமாளிப்பது கடினமாகிவிட்டது.

புத்தளத்துக்குப் பூநாரை பார்க்கப் போனால், அளத்தில் வேலை செய்யும் அண்ணாச்சியிடம் கேட்டு, ஒரு குவளை நீர் எடுத்துப் பாருங்கள். ஆண் இறாலின் தலையில் கொடுக்குப்போன்ற பெரிய பிடிப்பான்கள் இருக்கும். அவற்றால் பெண்ணைப் பற்றிக்கொண்டு இரண்டும் ஜோடியாகவே நீந்தும். அப்படி ஜோடிகள் நிறையத் தெரிந்தால் அது அநேகமாக வந்த இனம். ஜோடியே இல்லாமல், வளர்ந்தவை எல்லாமே வயிற்றுக்கு அருகே முட்டைப் பையோடு தனித்தனியாக நீந்தினால், அது நம் ஊர் இறாலாக இருக்கலாம். பார்த்த தேதி, இடத்தோடு குறித்து வைத்து, அறிவியல் ஆசிரியரிடம் காட்டுங்கள்.