கடற்படைத் தளபதியின் கல்லறையும் தமக்கையின் நவீனமும்

திருகோணமலை நகரில், பிரெடரிக் கோட்டைக்கு அணித்தாயுள்ள பழைய ஆங்கிலேயர் இடுகாட்டில், சார்ள்ஸ் ஒஸ்டின் என்னும் கடற்படைத் தளபதியின் கல்லறை இருக்கின்றது. கோணேசர் கோயிலுக்குச் செல்வோர் அப்பகுதியால் நாள்தோறும் போய்வருகின்றனர். அங்கு துயில்பவர் யாரென வினவுவோர் மிகச் சிலரே. ஆங்கில நவீனம் கற்போர் உலகெங்கும் போற்றும் ஜேன் ஒஸ்டின் அம்மையாரின் உடன்பிறந்த இளவல் அவர்.

1779இல் பிறந்த சார்ள்ஸ், பன்னிரண்டு வயதில் கடற்படைக் கல்விக்கூடம் புகுந்தார். 1850இல் கிழக்கிந்திய, சீனக் கடற்பகுதிகளின் தலைமைத் தளபதியானார். 1795இல் ஒல்லாந்தரிடமிருந்து கைப்பற்றப்பட்டது முதல் 1957இல் இலங்கை அரசிடம் ஒப்படைக்கப்படும் வரை ஆங்கிலக் கடற்படைக்கு உறைவிடமாய் இருந்த நமது துறைமுகத்தை அவர் நன்கறிந்திருந்தார். 1852இல், இரண்டாம் பர்மியப் போரின்போது, ஐராவதி ஆற்றில் வாந்திபேதி கண்டு ஒக்டோபர் 7ஆம் நாள் உயிர் நீத்தார். அப்போது அவருக்கு அகவை 73. தமக்கையார் அதற்கு முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பே, 1817இல், தமது நாற்பத்தொன்றாம் வயதில் மறைந்துவிட்டார்.

அத்தமக்கையாரின் கதைகளில் கடற்படை வீரர் வரும் இடமெல்லாம் சகோதரரின் சாயல் தெரிகின்றது. தம்பி ஒருவர், தமையன் ஒருவர் என இருவர் கடற்படையில் இருந்தனர். இருவருமே அட்மிரல் நிலைக்கு உயர்ந்தனர். 1801இல் பகைக் கப்பலொன்றைப் பிடித்ததற்குரிய பங்காக 30 பவுண் கிடைத்தபோது, சார்ள்ஸ் முதற்காரியமாகத் தம் சகோதரியர் இருவருக்கும் பொற்சங்கிலியும் புட்பராகக் கற்சிலுவையும் வாங்கினார். ஜேன் அம்மையார் கடிதமொன்றில் அவரைச் செல்லமாகக் கடிந்துகொண்டாரெனினும், பின்னாளில் ‘மான்ஸ்ஃபீல்ட் பார்க்’ நவீனத்தில் மாலுமித் தமையன் ஒருவன் தன் தங்கை ஃபானிக்குச் சிலுவை கொணர்வதாக அதனை அமைத்தார். உடன்பிறந்தாள் கழுத்தில் நகை பார்க்க விரும்பும் உள்ளத்தை நம்மவர்க்கு விளக்கவும் வேண்டுமோ?

ஆயின் நாம் ஈண்டு பேச எடுத்துக்கொண்டது, அவர் இறுதியாக எழுதி முடித்த ‘பேர்சுவேஷன்’ என்னும் நவீனத்தை. இணங்கச் செய்தல் என்பது அப்பெயரின் பொருள். அம்மையார் மறைந்தபின், 1817ஆம் ஆண்டின் இறுதியில் அது வெளிவந்தது. (நம் நகரின் பெயரைத் தாங்கிப் பம்பாயிற் கட்டப்பட்ட போர்க்கப்பல் நீரில் இறங்கியதும் அதே ஆண்டில்தான். அக்கப்பல் இன்றும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் துறையில் காட்சிக்கு உள்ளது.)

கதை மிக எளிது. பழங்குடிப் பெருமை பேசும் சேர் வால்ட்டர் எலியற்றின் நடுமகள் ஆன். பத்தொன்பது வயதில் அவள் வென்ற்வேர்த் என்னும் இளங் கடற்படை அதிகாரியைக் காதலித்து மணவுறுதி செய்கின்றாள். அவனிடம் செல்வமில்லை, எதிர்காலமும் கடலைப் போல் நிலையற்றது. தாயை இழந்த ஆனுக்குத் தாயின் இடத்தில் நிற்கும் லேடி ரசல், இம்மணம் வேண்டாவென அறிவுரை கூறுகின்றாள். ஆன் இணங்குகின்றாள். எட்டாண்டு கழிகின்றது. சேர் வால்ட்டர் கடனில் மூழ்கி மாளிகையை வாடகைக்கு விடுகின்றார். குடிவருபவரோ வென்ற்வேர்த்தின் தமக்கை கணவரான அட்மிரல் குறொஃப்ற். வென்ற்வேர்த்தும் வருகின்றான், கப்டனாக, 25,000 பவுணுக்கு உரியவனாக. ஆனுக்கு வயது இருபத்தேழு. “பெண்ணுக்கு வயது ஏறிவிட்டது” என்று நம்மூரில் சொல்லும் அதே குரலில்தான் அங்கும் சொல்கின்றனர்.

சீதனப் பேச்சுக்குப் பழகிய நமக்கு இக்கணக்குகள் புதியன அல்ல. ஆனுக்குப் பின்னர் வரவேண்டிய பங்கு 10,000 பவுண். தந்தையாலோ அதில் ஒரு சிறு பகுதியையே அப்போது கொடுக்க முடிகின்றது. மாப்பிள்ளை பகை பிடித்துப் பொருளீட்டியவன். பெண் வீட்டில் பட்டம் உண்டு, பணமில்லை. நம்மூர்க் கலியாணத் தரகர் எவரும் இந்த நிலைமையை ஒரு நொடியில் விளங்கிக்கொள்வார்.

நம் இலக்கணம் கற்றோர்க்கு ஒரு குறை உடனே தோன்றும். ஆனுக்குத் தோழி இல்லை. தொல்காப்பியம் கூறும் களவொழுக்கத்தில் தோழியின் பணி பெரிது. தலைவனை மணந்துகொள்ளுமாறு தூண்டுபவள் அவள். காலம் நீளின் அறத்தொடு நின்று, தலைவியின் காதலைச் செவிலிக்கு உணர்த்த, செவிலி நற்றாய்க்கும், நற்றாய் தந்தைக்கும் தன்னையருக்கும் உணர்த்துவாள். பெண்ணின் உள்ளம் பெரியோர் செவிக்குச் சென்றடைய ஒரு வழி வகுக்கப்பட்டிருந்தது. லேடி ரசல் தோழியும் செவிலியும் ஒருங்கே ஆனவள். ஆனால் அவள் அடைத்தது அவ்வழியையே. அவள் தீயவள் அல்லள் என்பதுதான் கதையின் வலிமை. அன்பினாலேயே தடுத்தாள்.

பொருள்வயிற் பிரிவும் நாமறிந்ததே. கடல்வழிச் செலவு பெண்ணொடு கூடாதென்பதும் நம் மரபு. ஈண்டு ஒஸ்டின் வேறுபடுகின்றார். அட்மிரலின் மனைவி கணவனோடு கப்பலிலேயே வாழ்ந்தவள். பெண்டிர்க்குக் கப்பல் ஆகாதென்று பேசும் தம்பி வென்ற்வேர்த்தை அவள் நன்றாக மடக்குகின்றாள். இது கற்பனையன்று. சார்ள்ஸ் 1807இல் பேர்மியூடாவில் மணந்த ஃபானி பாமர், குழந்தைகளோடு ‘நேமூர்’ கப்பலில் அவருடன் குடியிருந்தார்; 1814இல், மகப்பேற்றை அடுத்து, அங்கேயே இறந்தார். 1820இல் சார்ள்ஸ் அவருடைய தமக்கை ஹரியற்றை மணந்தார். மனைவியின் உடன்பிறந்தாளை மணப்பது நம்மிடையே இயல்பு. இங்கிலாந்திலோ அது திருச்சபை விதிக்கு மாறானது, 1835இல் எழுந்த சட்டம் அத்தகைய புதுமணங்களைச் செல்லாதனவாக்கியது, 1907 வரை அத்தடை நீங்கவில்லை. எது ஒழுக்கம் என்பது கடலைக் கடந்தால் எவ்வளவு மாறுகின்றது!

இனி அக்காலத்து மரியாதைகளைக் காண்போம். மணவுறுதி செய்யாத ஆணும் பெண்ணும் கடிதம் எழுதிக்கொள்வது தகாது. பெண் முதலில் வாய் திறத்தல் ஆகாது. பலர் சூழ்ந்த கூடத்தில்தான் சந்திப்பு. ஆண்மகனுக்கும் தளை உண்டு. லூயிசா என்னும் பெண்ணிடம் வென்ற்வேர்த் சற்று அதிகமாகப் பழகிவிட்டான். அவள் லைம் துறையின் அலைகரைப் படியிலிருந்து குதித்து விழுந்து மயங்கியபின், நண்பர் யாவரும் இருவரையும் மணமுடிக்கப் போகின்றவர்களாகவே கருதுகின்றனர். அவளும் அப்படி எண்ணினால், விருப்பமிருந்தாலும் இல்லாவிட்டாலும் தான் அவளுக்குக் கடமைப்பட்டவனே என்று அவன் உணர்கின்றான். ஊர் வாய் தாலி கட்டப் பார்க்கின்றது! லூயிசா வேறொருவருக்கு மனம் கொடுத்ததனால் அவன் தப்பினான்.

இத்தனை கட்டுகளுக்கிடையே காதல் எவ்வாறு பேசும்? பாத் நகரத்து விடுதி அறையொன்றில் வென்ற்வேர்த் மேசையருகே நண்பனுக்காகக் கடிதம் எழுதுகின்றான். சற்றுத் தொலைவில் ஆன் அந்நண்பனுடன், ஆணா பெண்ணா நெடிது அன்பு மறவாதவர் என வாதிடுகின்றாள். பேனா கீழே விழும் ஓசை கேட்கின்றது. அவன் யாவற்றையும் செவிமடுத்துக்கொண்டே இரண்டாவது கடிதம் ஒன்றை வரைகின்றான். பின்னர் வெளியே செல்கின்றான்; கையுறையை மறந்துவிட்டதாகச் சொல்லித் திரும்பி வருகின்றான்; சிதறிய தாள்களின் கீழிருந்து கடிதத்தை உருவி ஆன் முன்னே வைத்துவிட்டுப் போய்விடுகின்றான். அதே அறையிலிருந்த மூதாட்டி எதையும் அறியவில்லை. விதியை மீறினான், ஆயினும் எவர் மானமும் குறையவில்லை. கைபேசியில் நொடிக்கு நூறு செய்தி அனுப்பும் நம் இளைஞரும் இப்பக்கத்தை வாசிக்கும்போது மூச்சடக்கி இருப்பதைக் கண்டிருக்கின்றோம்.

வகுப்பில் வழக்கு மூள்வது அதற்கப்பால். கூடியபின் ஆன் சொல்வது யாது? லேடி ரசலின் அறிவுரை பிழையானது. தான் அத்தகைய அறிவுரையை எவர்க்கும் கூறாள். எனினும் அன்று தாய்போன்றவளுக்கு இணங்கியது சரியே, இணங்காதிருந்தால் மனச்சான்று இன்னும் துன்புறுத்தியிருக்கும் என்கின்றாள். மேலைநாட்டு வாசகர் பலருக்கு இது அடங்கிப்போன பெண்ணின் பேச்சாகத் தோன்றுகின்றது. நமக்கு அப்படியன்று. பெற்றார் சொல் பிழையெனத் தெரிந்தும் அவர் முகத்தை முறிக்க மாட்டாத மகளிரை ஒவ்வொரு தெருவிலும் அறிவோம். போர் பல்லாண்டு நின்ற இம்மண்ணில், எட்டாண்டுக் காத்திருப்பு என்றால் என்னவென்று பாடம் நடத்தவும் வேண்டியதில்லை. ஆயினும் ஆனின் சொல்லைப் பெற்றார் தமக்குச் சாதகமாக மட்டும் எடுத்துக்கொள்ளலாகாது. அவள் பணிந்ததைச் சரியென்றாளேயன்றி, பணியச் செய்ததைச் சரியெனவில்லை. இவ்விரண்டையும் பிரித்தறியும் நுட்பம் நம் வீடுகளில் இன்னும் வாய்க்கவில்லை என்பதே நம் எண்ணம்.

ஒஸ்டின் இத்துடன் விடவில்லை. லேடி ரசலைவிடப் பெரிய பகைவன் ஒருவன் தனக்கு இருந்தான், அவன் தானே என்று வென்ற்வேர்த் ஒப்புக்கொள்கின்றான். பிரிந்து இரண்டாண்டில், 1808இலேயே, சில ஆயிரம் பவுணும் நல்லதொரு கப்பலும் அவனுக்குக் கிடைத்துவிட்டன. அன்று கடிதம் எழுதியிருந்தால் இசைந்திருப்பாயா என்று ஆனைக் கேட்கின்றான். அவள் மறுமொழியில் ஐயத்துக்கு இடமில்லை. எழுதாமல் தடுத்தது தன் செருக்கே. எட்டாண்டுத் துன்பத்தில் ஆறாண்டு தன்னால் வந்தது. அதுவரை லேடி ரசலை வைதுகொண்டிருக்கும் மாணவர், இவ்விடம் வந்ததும் பேச்சை நிறுத்திவிட்டுப் பக்கத்தைப் பின்னோக்கிப் புரட்டுகின்றனர்.