நெல் வளர்த்த நகரம்

அமெரிக்க ஐக்கிய நாட்டின் தென்புறத்திலே, தென் கரோலினா மாநிலத்துக் கடற்கரையில், ஆஷ்லி, கூப்பர் என்னும் இரு ஆறுகளுக்கிடையே ஒரு நாக்கைப்போல நீண்டு கிடக்கின்றது சார்ள்ஸ்ரன் நகரம். இவ்விரு ஆறுகளும் தமது ஊரின் முனையிற் கலந்துதான் அத்திலாந்திக் சமுத்திரமே உண்டாகின்றது என்று அவ்வூரவர் வேடிக்கையாகச் சொல்வர். பழம்பெருமை உள்ள ஊரவர் எங்கும் இப்படித்தான் பேசுவர் போலும்!

அற்லாந்தாவில் வசிக்கும் என் மைத்துனர் வீட்டிற் சில நாள் தங்கியிருந்தேன். "இரண்டு நாள் லீவு கிடைத்திருக்கிறது, அத்தான். சார்ள்ஸ்ரனுக்குப் போய் வருவோம். பழைய வீடுகளையும் பார்க்கலாம், நல்ல சோறும் சாப்பிடலாம்" என்று அவர் அழைத்தார். பாணும் இறைச்சியுமே உணவு என்று நான் எண்ணியிருந்த தேசத்திலே, சோற்றுக்காக ஓர் ஊருக்குப் போவதா? அந்த வியப்பே என்னை வண்டியில் ஏற்றியது. ஏறத்தாழ ஐந்து மணித்தியாலப் பிரயாணம்.

நண்பகலுக்கு முன்னரே ஊரை அடைந்து, வண்டியை ஓரிடத்தில் விட்டுவிட்டு நடக்கத் தொடங்கினோம். கால்நடையாகப் பார்க்கவேண்டிய ஊர் இது. 1670இல் ஆங்கிலேயர் ஆஷ்லி ஆற்றின் மேற்குக் கரையில் அமைத்த குடியேற்றம், 1680இல் இப்போதைய முனைக்கு இடம் பெயர்ந்தது. இரண்டாம் சார்ள்ஸ் மன்னனின் பெயரால் 'சார்ள்ஸ் ரவுண்' என வழங்கி, 1783இல் சார்ள்ஸ்ரன் ஆயிற்று.

வீடுகளின் அமைப்பு விசித்திரமானது. தெருவை நோக்கி நிற்பது வீட்டின் முகமன்று. ஒடுங்கிய பக்கச் சுவரே. ஓர் அறை அகலமே உள்ள நீண்ட வீடுகள். தெருவோரக் கதவைத் திறந்தால் நாம் காண்பது அறையையன்று. வீட்டின் நீளத்துக்கும் ஓடுகின்ற திறந்த விறாந்தையைத்தான். வெக்கையும் புழுக்கமும் மிகுந்த ஊராதலின், கடற்காற்று புகுவதற்கு ஏற்றவாறு தெற்கிலோ மேற்கிலோ விறாந்தையை வைத்துக் கட்டினார்கள். ஈஸ்ற் பே வீதியிலே பதின்மூன்று வீடுகள் இளஞ்சிவப்பு, மஞ்சள், வெளிர்நீலம் எனத் தோளோடு தோள் உரசி நிற்கின்றன. 'வானவில் வரிசை' என்பது அதன் பெயர். புகைப்படக் கருவியோடு அங்கு நில்லாத பிரயாணி ஒருவரேனும் இருப்பாரோ தெரியாது.

பல வீடுகளின் சுவர்களிலே பெரிய இரும்புப் பொத்தான்கள் தைத்தாற்போல வட்டத் தகடுகள் தென்பட்டன. 1886 ஓகஸ்ட் 31இல் இந்நகரைக் குலைத்த பூமியதிர்ச்சியின் பின்னர், விலகிய சுவர்களை ஒன்றோடொன்று இழுத்துப் பிடிப்பதற்காக வீட்டினூடே செலுத்திய இரும்புத் தண்டுகளின் முனைகள் அவை. பழைய கட்டடங்களைக் காப்பதற்கென ஒரு பகுதியையே ஒதுக்கி முதன்முதலாகச் சட்டம் இயற்றிய அமெரிக்க நகரமும் இதுவே. அது நிகழ்ந்தது 1931இல்.

நகரின் தென்முனையிலே 'பற்றரி' என்னும் கடலணை இருக்கின்றது. ஓக் மரநிழலிலே பழைய பீரங்கிகள் உறங்குகின்றன. தூரத்தே நீர்நடுவில் ஒரு கோடாகத் தெரிவது சம்ரர் கோட்டை. 1861 ஏப்பிரல் 12ஆம் திகதி விடியுமுன் அதன்மீது வீழ்ந்த குண்டுகளோடுதான் அமெரிக்க உள்நாட்டு யுத்தம் தொடங்கிற்று. அடிமை முறையைக் கைவிட மனமில்லாத தென்மாநிலங்கள் பிரிந்து சென்றதன் விளைவு அது. நகரவாசிகள் கூரைகளில் ஏறி நின்று அதனை வேடிக்கை பார்த்தார்களாம்.

மாலையில் நகரச் சந்தைக்குச் சென்றோம். நீண்ட செங்கற் கொட்டகைகளிலே கறுப்பினப் பெண்கள் சிலர் அமர்ந்து பெட்டி இழைத்துக் கொண்டிருந்தனர். கடற்கரை மணற்பாங்கில் வளரும் வாசனைப் புல்லைக் கற்றையாகச் சுருட்டி, பனையின் இனமான ஒரு மரத்தின் ஓலைக் கீற்றினால் வரிவரியாகத் தைக்கின்றார்கள். ஊசியில்லை, கிண்ணப் பகுதியை வெட்டி எறிந்த கரண்டிக் காம்பே கருவி. வயது முதிர்ந்த ஒருவரிடம் அகன்ற வட்டத் தட்டொன்று இருந்தது. விலை கேட்டேன். நூற்றிருபது டொலர் என்றார். சந்தை என்றால் பேரம் என்பது நம் பழக்கமல்லவா? எண்பது தருவதாகச் சொன்னேன்.

அவர் கோபிக்கவில்லை. தைப்பதையும் நிறுத்தவில்லை. "ஐயா, இதற்கு என் மூன்று நாள் போயிற்று. அவற்றில் எந்த நாளைக் கழிக்கச் சொல்கிறீர்கள்?" என்றார். நான் சிரித்து மழுப்பிவிட்டு நகர்ந்தேன்.

அன்றிரவு உணவு சிறப்பாகவே அமைந்தது. முட்டை நண்டின் சினையும் பாலாடையும் சேர்த்து, சிறிது செரி மதுவும் விட்டு ஆக்கிய சூப் முதலில் வந்தது. வில்லியம் டீஸ் என்ற கறுப்பினச் சமையற்காரரின் கைவண்ணத்தால் அது புகழ்பெற்றதென்பர். அடுத்து, சோளக் குறுணலைக் களியாக்கி அதன்மேல் இறாலைப் பொரித்துச் சொரிந்த உணவு. ஒருகாலத்தில் மீனவரின் காலையுணவாயிருந்தது. இன்று பெரிய உணவகங்களில் வெள்ளைத் துணி விரித்த மேசையில் ஏறிவிட்டது. ஆயினும், "சோறு எங்கே?" என்று மைத்துனரைக் கேட்டேன். "நாளைக்கு" என்றார்.

மறுநாட் காலை அவர் என்னைச் சாமர்ஸ் வீதிக்கு அழைத்துச் சென்றார். கல் பாவிய குறுந்தெரு. அங்கே ஒரு வளைவு வாயிற் கட்டடம். தெருவிலே மனிதரை ஏலமிடுதல் அழகன்று என 1856இல் நகரசபை தடை விதித்தது. தடை தெருவுக்கே, விற்பனைக்கன்று. ஆகவே மதில்களுக்குள்ளே ஏலம் தொடர்ந்தது. 1859இல் எழுந்த அந்த ஏலக் கட்டடம் இன்று நூதனசாலையாக உள்ளது. அங்கிருந்து வெளிவந்தபின், ஊரின் பழைய செங்கற்களை வேறு கண்ணோடு பார்த்தேன். சிலவற்றிலே விரற் பதிவுகள் உள்ளன. ஈரக் களிமண்ணைத் தூக்கி வைத்த அடிமைகளின் விரல்கள். சிறுவரின் விரல்களும் அவற்றுள் உண்டு.

வட அமெரிக்காவுக்குக் கொண்டுவரப்பட்ட ஆபிரிக்க அடிமைகளுள் நூற்றுக்கு நாற்பது பேர்வரை இத்துறைமுகத்தின் வழியே இறங்கினர் என வரலாற்றாசிரியர் கணிப்பர். அவர்கள் இறங்கிய காட்ஸ்டன் துறையிலே 2023 யூன் மாதத்தில் ஆபிரிக்க அமெரிக்க நூதனசாலை ஒன்று திறக்கப்பட்டது. அந்த நிலத்தை மிதியாது, தூண்களின்மேல் உயர்ந்து நிற்கின்றது கட்டடம். கீழே ஆழமற்ற ஒரு நீர்த்தடாகம். அதன் தரையிலே, கப்பலில் நெருக்கிக் கிடத்தப்பட்ட மனிதரின் உருவங்கள் வரிசையாகப் பொறிக்கப்பட்டுள்ளன. நீர் ஏறும்போது மறைகின்றன, வடியும்போது தோன்றுகின்றன. என் மைத்துனரும் நானும் அங்கே ஒன்றும் பேசவில்லை.

சோற்றின் கதை அங்கேதான் எனக்குத் தெரியவந்தது. பதினெட்டாம் நூற்றாண்டில் இந்நகரைச் செல்வத்திற் கொழிக்கச் செய்தது நெல். செனகம்பியாவிலும் சியரா லியோனிலும் தலைமுறை தலைமுறையாக நெல் விளைவித்த மக்களும் அடிமைகளாக இங்கே வந்தனர். சதுப்புக் காட்டை வெட்டி, வரம்பு உயர்த்தி, ஆற்று வாயில்களில் மரக்கதவு மடைகள் அமைத்தனர். கடல் ஏறும்போது பாரமான உப்புநீர் அடியிற் புக, நன்னீர் மேலே உயரும். அந்த வேளை பார்த்து மடையைத் திறந்தால் வயலுக்கு நன்னீர் பாயும். இந்த நுட்பத்தை நடத்தியவர்கள் முழங்காற் சேற்றிலே, காய்ச்சலுக்கும் பாம்புக்கும் நடுவே நின்றவர்கள். அவர்களுடைய பிள்ளைகளுள் வளர்ந்து ஆளானோர் சிலரே. அறுத்த நெல்லை உரலில் இட்டு உலக்கையாற் குற்றினர். புல்லால் இழைத்த அகன்ற தட்டிலே புடைத்தனர்.

நேற்றுப் பேரம் பேசிய தட்டு என் நினைவுக்கு வந்தது.

'கரோலினாப் பொன்' எனப்பட்ட அந்நெல், அடிமைத்தளை அறுந்தபின் கூலிக்கு ஆளின்றியும் புயல்களாலும் நலிந்து, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வயல்களை விட்டே மறைந்தது. 1980களில் கண் வைத்தியர் ஒருவர் அரசாங்க விதைச் சேமிப்பிலிருந்து அதனைப் பெற்று மீண்டும் பயிரிட்டார்.

நண்பகலில் ஒரு சிறு கடையிலே அமர்ந்தோம். தக்காளியிற் புழுங்கிச் சிவந்த சோறு, கௌபியும் அரிசியும் சேர்த்து ஆக்கிய, புத்தாண்டு நாளில் அதிர்ஷ்டத்துக்காக உண்ணும் 'ஹொப்பின் ஜோன்', வெண்டிக்காய்ச் சாறு, இறுதியில் எள்ளு மொறுமொறுக்கும் மெல்லிய பிஸ்கற்று. எள்ளை அவர்கள் 'பென்னி' என்கின்றனர். மேற்கு ஆபிரிக்க வொலொவ் மொழிச் சொல் அது. கப்பலில் வந்தவர்களிடம் உடைமை ஏதும் இருக்கவில்லை. நாக்கின் நினைவும் கையின் பழக்கமும் இருந்தன. நகரம் தன்னுடையதென்று பெருமைப்படும் உணவின் பெரும்பகுதி அந்த இரண்டிலிருந்தே வந்தது.

திரும்பும் வழியிலே இமானுவேல் தேவாலயத்தின் வெண்கோபுரத்தைக் கண்டோம். 2015 யூன் 17இல் வேதபாடத்துக்குக் கூடியிருந்த ஒன்பது கறுப்பினத்தவரை, அவர்கள் தம்மோடு இருத்தி வரவேற்ற ஒரு வெள்ளை இளைஞன் சுட்டுக் கொன்றான். இரண்டே நாளில், இறந்தவர்களின் உறவினர் சிலர் நீதிமன்றத்தில் அவனை நோக்கி மன்னித்தோம் என்றனர். 2018இல் நகரசபை அடிமை முறையில் தனக்கிருந்த பங்குக்காக மன்னிப்புக் கேட்டது. இரண்டையும் ஒரே தராசில் வைக்க எனக்குத் துணிவில்லை.

வண்டியில் ஏறுமுன் சந்தைக்குச் சென்றேன். அந்த அம்மையார் அதே இடத்தில் இருந்தார், தட்டும் இருந்தது. நூற்றிருபது டொலரை எண்ணிக் கொடுத்தேன். என்னை அடையாளங் கண்டிருப்பார், காட்டிக் கொள்ளவில்லை. கரையோர நிலங்களில் வீடுகள் பெருகிவிட்டதால் இப்போது புல்லைத் தேடி வெகுதூரம் போகவேண்டியிருக்கிறது என்றார். "இதில் என்ன வைப்பீர்கள்?" என்று கேட்டார். அரிசி புடைக்க எங்கள் வீடுகளிலும் இப்படி ஒன்று உண்டு, வடிவந்தான் வேறு, அதற்குச் சுளகு என்று பெயர் என்றேன். "சுளகு, சுளகு" என்று இருமுறை சொல்லிப் பார்த்துச் சிரித்தார்.

சார்ள்ஸ்ரன் செல்ல விரும்பும் அன்பர்களுக்கு ஒன்று சொல்வேன். வானவில் வரிசைக்கு முன்னர் காட்ஸ்டன் துறைக்குச் செல்லுங்கள். அதன்பின் சோறு உண்ணுங்கள். சுவை குறையாது. ஆனால் யாருடைய கைச்சோறு என்று அறிந்து உண்பீர்கள். சந்தையிலே பெட்டி வாங்கினால் சொன்ன விலையைக் கொடுங்கள்.