ஆய்வுக்கு புரோட்டோகால் எழுதப் போறீங்களா? ஜார்க்கண்ட் காசநோய் ஆய்வு சொல்லித்தரும் பாடம்

மருத்துவமனை, பார்மா, பொது சுகாதாரம் என எங்கே வேலை பார்த்தாலும், "ஒரு ஸ்டடி பண்ணலாம், புரோட்டோகால் எழுதிக் கொடுங்க" என்று ஒருநாள் உங்களிடம் வரும். பலர் உடனே "உலக அளவில் நீரிழிவு ஒரு பெரிய பிரச்னை" என்று தொடங்கி, அறிகுறி, சிகிச்சை என நாலு பக்கம் நிரப்பிவிடுவார்கள். ஆனால் எதிக்ஸ் கமிட்டி தேடுவது வேறு: இந்த ஆய்வுக்காக மக்களின் நேரத்தையும் ரத்தத்தையும் கேட்க என்ன காரணம்?

புரோட்டோகால் என்றால் என்ன?

ஆய்வு தொடங்கும் முன்பே எழுதி வைக்கும் திட்டம். யாரைச் சேர்ப்போம், என்ன கொடுப்போம், யாரோடு ஒப்பிடுவோம், எதை அளப்போம், எத்தனை பேர் தேவை என எல்லாம் அதில் இருக்கணும். உங்களிடம் எதுவும் கேட்காமலே இன்னொருவர் அதே ஆய்வை நடத்த முடிந்தால், அதுதான் தெளிவான புரோட்டோகால்.

பின்னணிப் பகுதியில் என்ன எழுதுவது?

ஜார்க்கண்டில் நடந்த 'ரேஷன்ஸ்' ஆய்வை எடுத்துக்கொள்வோம். இதில் சென்னையில் உள்ள தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்துக்கும் பங்கு உண்டு. இந்த ஆய்வு ஏன் தேவைப்பட்டது என்பதை நாலே படிகளில் சொல்லிவிடலாம்.

1. பிரச்னை: இந்தியாவில் காசநோய்க்கு ஊட்டச்சத்துக் குறைபாடு முக்கியக் காரணி. நோயாளியின் வீட்டில் இருப்பவர்களுக்கும் நோய் வரும் ஆபத்து அதிகம்.

2. தெரிந்தது: இங்கிலாந்தின் பாப்வொர்த் குடியிருப்பில் 1918 முதல் 1943 வரை, நல்ல உணவும் வீடும் வேலையும் கிடைத்த காசநோயாளிகளின் குழந்தைகளுக்கு நோய் குறைவாகவே வந்தது.

3. தெரியாதது: அங்கே எல்லாமே சேர்ந்து மாறின. உணவால் மட்டும் எவ்வளவு குறையும்? ரேண்டம் முறையில் ஒப்பிட்டுச் சொன்ன வலுவான ஆதாரம் இல்லை.

4. நோக்கம்: குடும்பத்தினருக்கு உணவு கொடுத்தால் புதிதாகக் காசநோய் வருவது குறைகிறதா?

இந்த நாலுக்கும் உதவாத பத்தியை தயங்காமல் நீக்கிடுங்க.

கேள்வி எப்படித் திட்டமாகிறது?

4 மாவட்டங்கள், 28 டிபி யூனிட்கள், 2,800 நோயாளிகள், அவர்களின் வீட்டிலிருந்த 10,345 பேர். இரண்டு பிரிவிலும் நோயாளிகளுக்கு உணவு கிடைத்தது. ஒரு பிரிவில் மட்டும் குடும்பத்தினருக்கும், ஆளுக்கு மாதம் 5 கிலோ அரிசி, 1.5 கிலோ பருப்பு, கூடவே நுண்சத்துகள் கொடுத்தார்கள். அதாவது, ஒப்பீடு வேண்டும் என்பதற்காக எந்த நோயாளியும் பட்டினியில் விடப்படவில்லை. இப்படிப்பட்ட முடிவுகளையும் புரோட்டோகாலிலேயே எழுதிவிட வேண்டும்.

முடிவுகள் 2023 ஆகஸ்டில் 'லான்செட்' இதழில் வெளியாகின. குடும்பத்தினருக்கு உணவு கிடைக்காத பிரிவில் 2.6% பேருக்கும், கிடைத்த பிரிவில் 1.7% பேருக்கும் காசநோய் வந்தது. மற்ற வேறுபாடுகளைச் சரிசெய்து பார்த்தால், நோய் வரும் வேகம் 39% குறைவு.

எதை அளப்போம் என்று ஏன் முன்பே சொல்லணும்?

எடை, ஹீமோகுளோபின், இருமல், வேலைக்குப் போன நாட்கள் என 20 விஷயங்களை அளந்தால், ஏதாவது ஒன்றில் தற்செயலாகவே 'வித்தியாசம்' தெரிய வாய்ப்பு உண்டு. டேட்டா வந்தபிறகு அதைத் தேடி எடுத்து தலைப்பாக்கினால், அது ஆய்வு இல்லை. அதனால்தான் முதன்மை முடிவு ஒன்றை முன்பே எழுதி வைக்கிறோம். இந்தியாவில் கிளினிக்கல் டிரையல்களை ஐசிஎம்ஆர் நடத்தும் சிடிஆர்ஐ தளத்தில் பதிவது 2009 ஜூன் 15 முதல் கட்டாயம். 2018 ஏப்ரல் முதல், முதல் நபரைச் சேர்க்கும் முன்பே பதிவு செய்தாக வேண்டும்.

இதெல்லாம் வெறும் பேப்பர் வேலை இல்லை. 2024-ல் மத்திய அரசு காசநோயாளிகளுக்கான மாத உதவித்தொகையை 500 ரூபாயிலிருந்து 1,000 ரூபாயாக உயர்த்தியது. நிக்ஷய் மித்ரா உணவு உதவியில் குடும்பத்தினரையும் சேர்ப்பதாக அப்போது அறிவித்தது. ஏழை வீட்டின் அரிசி, பருப்பு பற்றி அரசு முடிவெடுக்கும்போது, அதற்கான ஆதாரம் ஆட்டம் காணக் கூடாது.

அனுப்பும் முன் என்ன பார்க்கணும்?

பின்னணியின் கடைசி வரியையும் உங்கள் முதன்மை முடிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். இரண்டும் ஒரே விஷயத்தைப் பேசவில்லை என்றால், முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.